சரி போட்ட மூன்று வசனங்கள்

ஓர்ஸ் ஹில்,
திருகோணமலை.
04.08.2024

அன்பின் அத்தானுக்கு,

நீங்கள் அனுப்பிய ஸ்பானியப் பாடம் கிடைத்தது. ‘இன்ன நாளுக்குள் செய்து முடித்திருப்பேன்’ என்று சொல்லும் விதம் பிடிபட்டுவிட்டது. நானென்றால் அப்ரே, நீங்களென்றால் அப்ராஸ். அதன் பின்னால், உழவு மெஷினுக்குப் பெட்டி கொழுவுவதுபோல, முடிந்த வேலையைக் கொழுவ வேணும். பெந்தேர் விற்பது; அப்ரே பெந்திதோ, விற்றிருப்பேன். திறப்பது என்ற அப்ரீர் மட்டும் அப்ரிதோ என்று அடங்காமல் அபியெர்தோ ஆகிறது. எந்தச் சந்தையிலும் ஒரு சண்டியன் இருப்பான்தானே.

இந்நேரம் சாப்பிட்டிருப்பீர்கள் என்று நான் இங்கே நினைப்பதற்கும் அதே அப்ராஸ்தானாம்.

பாஷை வந்ததும் ஸ்பெயினுக்குக் கூப்பிடுகிறேன் என்றீர்கள். எட்டு வருடமாயிற்று. மார்கழிக்குள் முடித்திருப்பவை என்று நீங்கள் கேட்ட மூன்று வசனங்கள்: கடையை விற்றிருப்பேன். வாடகை வீட்டைத் திருப்பிக் கொடுத்திருப்பேன். உங்களிடம் வந்திருப்பேன்.

திருத்தி அனுப்புங்கோ.

உங்கள் ரூபி

ஓர்ஸ் ஹில்,
05.12.2024

அன்பின் அத்தானுக்கு,

மூன்று வசனத்துக்கும் சிவப்புப் பேனையால் சரி போட்டு அனுப்பியிருந்தீர்கள். மீன்பிடிக் கப்பலில் புறப்படுகிறேன், மார்கழியில்தான் கரை என்று ஒரு வரி. அதற்குப் பிறகு கேட்க வழியில்லை, கேட்கவும் தோன்றவில்லை.

கடையைப் பக்கத்துக் கடை அஷ்ரப் நானாவுக்கு விற்றுவிட்டேன். “ஓடுற கடைய ஏன் தங்கச்சி விக்கிறீங்க?” என்றார். “அவர் சரி போட்டு அனுப்பிட்டார் நானா” என்றேன். பதினைந்து வருடம் கப்பல்களுக்குச் சாமான் கொடுத்தவள் நான். சிட்டையில் சரி விழுந்தால் அது ஓடர், சாமான் போயே ஆக வேணும்.

வீட்டுச் சாவி அடுத்த கிழமை கைமாறும். மூன்றாவது வசனம் உங்கள் கையில்.

ரூபி

வீகோ,
28.12.2024

ரூபி,

நான் சரி போட்டது பாடத்துக்கு. நீர் கடையை விடமாட்டீர் என்று நம்பித்தான் பாடம் அனுப்பிக்கொண்டிருந்தனான். இங்கே என்னோடு ஒருத்தி இருக்கிறா. மகளுக்கு நாலு வயது. சொல்லத் துணிவு வரவில்லை. வர வேண்டாம்.

துவாரகன்

திருகோணமலை,
20.01.2025

துவாரகனுக்கு,

அது ஓடர்தானா என்று உறுதி பண்ணாமல் சாமானை ஏற்றியது என் பிழை. மற்றது உங்களுடையது.

அஷ்ரப் நானாவிடம் கடையைத் திருப்பிக் கேட்கவில்லை. “கப்பல்காரர் உங்களத்தான் கேக்கிறாங்க, வந்து நில்லுங்க” என்றார். என் கடையில் சம்பளத்துக்கு நிற்க ஏலாது என்றேன்.

உட்துறைமுகப் பக்கம் புதுக் கடைக்கு ஒற்றை அறை ஒன்று பார்த்திருக்கிறேன். மழை ஒழுகும். இது உங்கள் கைக்கு வரும்போது, அப்ரே அபியெர்தோ. திறந்திருப்பேன்.

சண்டியன் சொல்லைச் சரியாகத்தான் எழுதியிருக்கிறேன். சிவப்புப் பேனை தேவையில்லை.

ஜெயரூபி