ஓடையும் தாடியும்

மார்ச் 4, செவ்வாய்

பல் மருத்துவமனையின் காத்திருப்புக் கூடத்தில் வைக்கும் திரைக்கு நிரல் எழுத வேண்டும். எந்த டோக்கன், எந்த நாற்காலி, அவ்வளவுதான். சின்னச் சின்னக் கணக்குகளாக, அதாவது ஃபங்ஷன்களாக, கோத்து எழுதும் ஃபங்ஷனல் மொழியில் எழுதுவது என்பதில் எனக்கும் தாடிக்கும் சண்டையில்லை. மற்ற எல்லாவற்றிலும் உண்டு.

தாடி என் பக்கத்து மேசைக்காரர். எதையும் சொல்லுமுன் தாடியைத் தடவுவார். தடவிவிட்டு, "எல்லாம் ஒரே இடத்துல இருக்கணும்" என்பார். எந்தப் பொத்தானை அழுத்தினாலும் அது ஒரு செய்தியாகப் போய் ஒரே ஒரு ஃபங்ஷன் முன்னால் நிற்க வேண்டுமாம். அது புது நிலையைச் சொன்ன பிறகுதான் திரையை வரையலாமாம். அரசு அலுவலகம்! என் முறையில் ஒவ்வொரு மதிப்பும் ஓர் ஓடை. ஒன்று மாறினால் அதை நம்பியிருப்பதெல்லாம் தானாக மாறும்.

சத்தம் தாங்காமல் மேலாளர் சொல்லிவிட்டார்: "ஆளுக்கு ஒண்ணு எழுதுங்க. அங்க வரவேற்பு மேசையில இருக்கிற அக்கா எதைச் சொல்றாங்களோ, அடுத்த ஒரு வருஷம் ரெண்டு பேரும் அப்படித்தான் எழுதணும்."

ஒரு வருஷம். தாடி மாதிரி. செத்தேன் — இல்லை, ஜெயிப்பேன்.

மார்ச் 6

அக்கா "டாக்டர் வெளியே" என்று ஒரு பொத்தான் கேட்டார். எனக்கு ஒரே வரி. தாடிக்கு நான்கு இடத்தில் மாற்றம், சாயங்காலம் வரை. எதிரிலேயே உட்கார்ந்து நிதானமாகக் காபி குடித்தேன்.

மார்ச் 10

இன்று என் திரை ஓடியது. பதினொரு மணி வரை என் ராஜ்ஜியம். அப்புறம் —

டோக்கன் எண் ஓர் ஓடை, நாற்காலி எண் இன்னோர் ஓடை என்று வைத்திருந்தேன். டோக்கன் எண் வந்துவிட்டது; நாற்காலி எண் வர நாலு விநாடி பிந்திவிட்டது. அந்த நாலு விநாடியும் திரையில் பழைய நாற்காலி எண்ணோடு "14 — நாற்காலி 2". அங்கே பதின்மூன்றாம் டோக்கன்காரர் வாயைப் பிளந்து படுத்திருக்கிறார். பதினாலு வேகமான ஆள். போய் உட்கார்ந்தேவிட்டார், பதின்மூன்றின் மடியில்.

அக்கா என்னைப் பார்த்துச் சொன்னார்: "யார் எங்க போகணும்னு யாராவது ஒருத்தர் முழுசா சொல்லுங்கம்மா. ஆளுக்குப் பாதி சொன்னா எப்படி?"

தாடி சிரிக்கவில்லை. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

மார்ச் 11

தாடியின் திரை. ஒன்றும் நடக்கவில்லை. நாள் முழுக்க ஒன்றுமே நடக்கவில்லை! அக்கா அதுவே போதும் என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து அழுதேன்.

"ஒரு திரைக்கா அழற?" என்றார் வீட்டுக்காரர்.

திரைக்கு இல்லய்யா, ஒரு வருஷத்துக்கு!

ஏப்ரல் 2

தாடி மாதிரியே எழுதுகிறேன். ஒரு மாற்றத்துக்கு நாலு இடத்தில். முணுமுணுத்துக்கொண்டே.

ஏப்ரல் 24

ஒரு பிழை வந்தது. பத்தே நிமிடத்தில் பிடித்தேன். எழுதுவது நாலு இடமானாலும் எல்லாம் மாறுவது அந்த ஒரே ஃபங்ஷனில்தானே, அங்கே தேடினால் போதும். யாரிடமும் சொல்லவில்லை.

மே 8

தாடி என் மேசைக்கு வந்து நின்றார். "காத்திருக்கிற நேரம் நிமிஷத்துக்கு நிமிஷம் குறையணும். அதுக்கு மட்டும் உங்க ஓடை ஒண்ணு கிடைக்குமா?"

காது குளிர்ந்தது. ஒன்று கொடுத்தேன். அதுவும் கடைசியில் அவருடைய அந்த ஒரே இடத்தில்தான் போய் விழுகிறது. இருக்கட்டும்.

ஜூன் 19

சனிக்கிழமை எங்கே போவது என்று வீட்டுக்காரர் ஒரு பக்கம், போனில் என் தங்கை ஒரு பக்கம், ஆளுக்கொன்று முடிவு செய்துகொண்டிருந்தார்கள். நான் குறுக்கே புகுந்தேன். "எல்லாம் ஒரே இடத்துல இருக்கணும். எதுவானாலும் முதல்ல எங்கிட்ட சொல்லுங்க."

வீட்டுக்காரர் என்னையே பார்த்தார்.

"அது சரி, பேசறதுக்கு முன்னாடி எதுக்குத் தாடையைத் தடவுற?"