தையல் வகுப்புக்குக் குங்குமம் வைத்தோம்

சிம்பாங் அம்பாட்,
16-9-1952

அன்பு மகள் ஜெயமணிக்கு, அம்மா மீனம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை சுசீலா எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் மாரியாத்தா புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம், பிறையில் நீயும் மாப்பிள்ளையும் பேரனும் அப்படியே இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். பேரனுக்குப் பல் முளைக்கிற காய்ச்சல் விட்டதா, எழுது. எனக்கு வந்த காய்ச்சலும் போய்விட்டது, நேற்றிலிருந்து ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி மட்டும் இருக்கிறது, தைலம் தேய்த்தால் அடங்குகிறது.

ஜெயமணி, உன் கடிதம் அந்த வாரம் வராமல் இருந்திருந்தால் தையல் மெஷின் இந்நேரம் வேறு தோட்டத்துக்குப் போயிருக்கும். மலாக்காவிலிருந்து ராஜம்மா டீச்சர் ஞாயிறுதோறும் பஸ் ஏறி வந்து பெண்களுக்குத் தையல் சொல்லிக் கொடுக்கிறார் என்று முன்பே எழுதியிருந்தோம். ஆள்தான் சேரவில்லை. ஆபீஸ் கணக்கு எழுதுகிற கிராணி, காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் எல்லோரையும் நிற்க வைத்து, தையல் படிக்கிறவர்கள் ஆபீசில் வந்து பெயரும் அடையாளக் கார்டு நம்பரும் கொடுத்துக் கைநாட்டு வையுங்கள் என்று சொன்னார். யார் போவார்கள்? போன வருஷம் அதே பெரட்டில் பெயர் வாசித்துத்தானே மூன்று பேரைப் போலீஸ் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள், ஒருவர் இன்னும் திரும்பவில்லை. ஊசி நூலுக்கு எதுக்குலா கார்டு நம்பரு என்று காளியம்மா கேட்டாள், எல்லோரும் தலையாட்டினார்கள். நானும்தான் ஆட்டினேன். உன் தங்கையிடம் பெயர் கொடுக்காதே என்று சொன்னவளும் நான்தான், ஆனால் அவள் அதற்கு முன்பே கொடுத்துவிட்டிருந்தாள். முதல் ஞாயிறு அந்தத் தாளில் இருந்தது அவள் பெயர் ஒன்றுதான். மூன்று வாரத்தில் நாலு பேர் ஆனார்கள். பன்னிரண்டு பேராவது வராவிட்டால் இரண்டு மெஷினையும் மேலதிகாரிகள் எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்கள் என்று டீச்சர் வருத்தத்தோடு சொன்னார். சுசீலா அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. காட்டுக் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடும் என்று நம்மை முள்வேலிக்குள் கொண்டுவந்து குடிவைத்த வருஷம் பள்ளிக்கூடம் எட்டாத தூரமாகி நாலாவதோடு நின்ற பிள்ளை, அவளுக்கு இதுதான் பள்ளிக்கூடம் என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

அப்போதுதான் உன் கடிதம் வந்தது. வளைகாப்புக்குக்கூட வீட்டுக்கு வந்து குங்குமம் கொடுத்துக் கூப்பிடாவிட்டால் நம் லயத்து வீடுகளில் யாரும் வரமாட்டார்களே, கிராணி கத்தினால் வருவார்களா, தாளைத் தூக்கி வைத்துவிட்டு வீடு வீடாகப் போய்க் கூப்பிடுங்கள் என்று எழுதியிருந்தாய். டீச்சரிடம் சொன்னோம், இடத்தையும் ஆபீசிலிருந்து, பிள்ளைகளை விட்டுப் போகிற ஆயாக் கொட்டகைக்கு மாற்றிக்கொண்டார். பாலை எடை போட்டுக் கொடுத்துக் குளித்துச் சாப்பிட்டு வர மூன்று மணி சரியாக இருக்கும், ஆறு மணி ஊரடங்குக்கு முன்பு வீடு சேர்ந்துவிடலாம். போய்க் கூப்பிட வேண்டிய நாளில்தான் நான் காய்ச்சலில் விழுந்தேன். வேறு வழியில்லாமல் குங்குமச் சிமிழைச் சுசீலா கையில் கொடுத்து அனுப்பினேன்.

இனிமேல் சொல்வதை எழுத மாட்டேன் என்று சுசீலா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள், அதட்டி எழுத வைக்கிறேன். உன் தங்கை வாய் எப்படி என்று உனக்குத் தெரியும். சிமிழை நீட்டி, ஞாயிற்றுக்கிழமை மூணு மணிக்கு ஆயாக் கொட்டகைக்கு வாங்க என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடியிருக்கிறாள். எதற்கு என்று சொல்லவே இல்லை! குஞ்சம்மா அக்கா என்ன நினைத்தாளோ, சுசீலாவுக்குப் பரிசம் போடப் போகிறார்கள் என்று லயம் முழுக்கப் பரவிவிட்டது. கல்யாணப் பொண்ணே வந்து அழைக்குது, காலம் கெட்டுப்போச்சுலா என்று பேசிக்கொண்டார்களாம். ஞாயிறு மூன்று மணிக்கு நல்ல சேலை கட்டிப் பூ வைத்து இருபத்து மூன்று பேர் வந்துவிட்டார்கள், குஞ்சம்மா வெற்றிலைத் தட்டோடு வந்தாள். எங்கடி மாப்பிள்ளை என்று காளியம்மா கேட்க, இவள் மெஷினைக் கையால் காட்டியிருக்கிறாள். டீச்சர் பயந்துபோனாராம், எல்லோரும் எழுந்து போய்விடுவார்கள் என்று. காளியம்மா மெஷினைச் சுற்றி வந்து தட்டிப் பார்த்து, ஆளு இரும்பு மாதிரி இருக்கான், குடிக்க மாட்டான், எதிர்த்துப் பேச மாட்டான், இதைவிட நல்ல மாப்பிள்ளை எங்கடி கிடைப்பான், எனக்கும் ஒண்ணு பாரு என்றாளாம். சிரித்துச் சிரித்து எல்லோரும் பாயில் உட்கார்ந்துவிட்டார்கள். கொண்டுவந்த வெற்றிலையைப் போட்டுக்கொண்டே பட்டன் தைத்திருக்கிறார்கள்.

முந்தாநாள் ஞாயிறும் பத்தொன்பது பேர் வந்தார்கள், பெயரும் எழுதியாகிவிட்டது, மெஷின் இங்கேயே இருக்கும். எல்லாம் உன் யோசனைதான் தாயி. இத்தனை தூரத்தில் இருந்தும் எங்களை நினைத்து எழுதினாயே, நீ நல்லா இருக்கணும். தீபாவளிக்கு வரும்போது நீயும் மாப்பிள்ளையும் அடையாளக் கார்டை மறக்காமல் கொண்டுவாருங்கள், ஆறு மணிக்குப் பிறகு கேட் திறக்க மாட்டார்கள், பகல் ரயிலில் புலாவ் செபாங்கில் இறங்கினால் அப்பா வந்து நிற்பார். பேரனுக்கு உன் தங்கை சட்டை தைக்கிறாள், அளவு எழுதி அனுப்பு. நீங்கள் மூன்று பேரும் குறையில்லாமல் நூறு வருஷம் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா மீனம்மா

அக்கா, இது நானாக எழுதுவது, அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள். பெயர் எழுதியாகிவிட்டது என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள் பார். முந்தாநாள் டீச்சர், பெயர் இல்லாமல் என்னால் மேலே காட்ட முடியாது, கார்டு நம்பர் வேண்டாம், பெயர் மட்டும் போதும் என்றார். உடனே எல்லோரும் ஊசியைக் கீழே வைத்துவிட்டார்கள், காளியம்மா அக்காகூட. அப்போது அம்மா போர்வையைப் போர்த்திக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். எனக்குச் சாவி கொடுக்க வந்தாள் என்றுதான் நினைத்தேன். நேராக டீச்சர் முன்னால் போய் உட்கார்ந்து, மீனம்மா, வீராசாமி சம்சாரம், எழுதிக்குங்க டீச்சர் என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். அதற்குப் பிறகுதான் அக்கா மற்றவர்கள் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். எழுதியது நான்தான், டீச்சர் புதுத் தாளையும் பேனாவையும் என்னிடம் கொடுத்துவிட்டார். முதலில் என் பெயர், அதற்குக் கீழே அம்மா பெயர் இருக்கிறது.

சுசீலா