ஐயாவுக்கு முதுகு காட்டிய நாள்

பிப்ரவரி 11, 2025

ஆண்டுத் துப்பாக்கிப் பயிற்சி. பெரம்பலூர் தாண்டி, குன்றை ஒட்டிய மைதானம். மூன்று தோட்டா சரியாகப் போயிற்று. நாலாவதற்கு விசையை இழுத்தேன். 'டிக்' — அவ்வளவுதான். வெடிக்கவில்லை.

நான் என்ன செய்தேன்? மேலதிகாரியிடம் பேசவேண்டுமென்றால் அவர் பக்கம் திரும்பி விறைப்பாக நின்றால்தான் எனக்குப் பேச்சே வரும். பதினாலு வருடப் பழக்கம். கைத்துப்பாக்கியோடு திரும்பினேன். "ஐயா, வெடிக்கலீங்க ஐயா."

துப்பாக்கிக் குழல், இடப்பக்கம் நின்ற கலைச்செல்வனின் நெஞ்சுக்கு நேராகக் கடந்து போனது. என் பேட்ச், என்னைப் போலவே எஸ்.ஐ. அவன் முகத்தைப் பார்த்தேன். அதற்குள் மொத்த வரிசையும் மண்ணில் விழுந்திருந்தது. இன்ஸ்பெக்டர் காசிநாதன் ஐயாவும்தான்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

பிப்ரவரி 12

துப்பாக்கிகளைப் பழுது பார்க்கும் அங்கமுத்து அண்ணன் சொன்னார்: "சில தோட்டா லேட்டா வெடிக்கும்மா. அதான் அரை நிமிஷம் அசையாம குறி அட்டையப் பாத்தே புடிக்கணும்ங்கறது." தெரியும். பாடமாகப் படித்ததுதான். படித்து என்ன?

பிப்ரவரி 14

கலைச்செல்வன் பேசவில்லை. முறைக்கவும் இல்லை. திட்டித் தொலைத்தாலாவது தேவலை.

பிப்ரவரி 17

ஜெயங்கொண்டம் மார்க்கெட்டில் அவன் மனைவி சசிகலா. "அவருக்கு என்னாச்சுக்கா? வூட்டுல வாயே தொறக்க மாட்டேங்கறாரு. பாப்பாவ மடிய வுட்டு எறக்கறதே இல்ல."

அவளிடம் சொல்லவில்லை போலிருக்கிறது. நழுவிவிடலாமா என்று நினைத்தேன். நினைத்ததற்கே வெட்கமாக இருந்தது. கத்தரிக்காய்க் கூடைக்குப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பையைக் கீழே வைத்தாள். "நீங்க வேணும்னு செய்யலைல்ல" என்றாள். பிறகு அழுதாள். நானும் அழுதேன்.

பிப்ரவரி 20

24ஆம் தேதி மறுபடி சுட்டுக் காட்ட வேண்டும். தேறாவிட்டால் எழுத்து வேலை. அதுகூடப் பரவாயில்லை. கலைச்செல்வன் இனி என் பக்கத்தில் நிற்பானா? எனக்கு அதுதான் கவலை.

வீட்டில் வெறுங்கையை நீட்டி நின்றுகொண்டு, பின்னாலிருந்து கூப்பிடுங்கள் என்றேன் வீட்டுக்காரரிடம். "பூங்குழலி!" ஒவ்வொரு தடவையும் திரும்பிவிடுகிறேன். அவருக்குச் சிரிப்பு. எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பிப்ரவரி 24

மதிப்பெண் குறிக்கக் கலைச்செல்வனை அனுப்பியிருந்தார்கள். தூரத்து ஓரமாகப் போய் நின்றான். நியாயம்தான்.

ஆறாவது தோட்டா, நமுத்த பட்டாசு போல 'டொப்' என்றது. அட்டையில் ஓட்டை இல்லை. விரல் அடுத்ததை இழுக்கப் போயிற்று. விசையிலிருந்து எடுத்துவிட்டேன். குழல் அட்டையைப் பார்த்தபடியே இருக்க, இடக்கையைத் தூக்கினேன்.

"என்னம்மா? இப்படித் திரும்பிச் சொல்லு!" பின்னாலிருந்து ஐயா. அவருக்கும் அதே பழக்கம்தானே, பாவம்.

உடம்பு முழுக்கத் திரும்பத் துடித்தது. "சத்தம் கம்மியா வந்துச்சுங்க ஐயா. நான் திரும்ப மாட்டேன். நீங்க வாங்க."

இன்ஸ்பெக்டரைப் பார்த்து நானா அப்படிச் சொன்னேன்!

அங்கமுத்து அண்ணன் பக்கவாட்டில் வந்து வாங்கிக்கொண்டார். தோட்டாக்களைக் கழற்றி, காலிதானா என்று பார்த்து, குழலுக்குள் கம்பியை விட்டார். பாதியில் நின்றது. குண்டு உள்ளேயே சிக்கியிருந்தது.

"அடுத்ததையும் சுட்டிருந்தா குழலே வெடிச்சிருக்கும்மா. உங்க கையி, பக்கத்துல நிக்கறவங்க மூஞ்சி..." நிறுத்திக்கொண்டார்.

வேறு துப்பாக்கியில் சுட்டுத் தேறினேன். திரும்பும்போது வேனில் கலைச்செல்வன் தண்ணீர் பாட்டிலை நீட்டினான். வாங்கிக் குடித்தேன்.

மார்ச் 3

புதிதாக வந்த காவலர்களுக்கு நாங்கள் இருவரும் சுட்டுக் காட்ட வேண்டும் என்று ஐயாவின் உத்தரவு. எங்களைப் பார்த்தவர், கொஞ்சம் தயங்கி, "நடுவுல ரெண்டு எடம் வுட்டு நின்னுக்கங்க" என்றார்.

"வேணாங்க ஐயா" என்றான் கலைச்செல்வன். வந்து என் இடப்பக்கத்து இடத்தில் நின்று, காதடைப்பை மாட்டிக்கொண்டான்.