கடல் கணக்கில் ஏறிவிட்ட ‘சும்மா’வைத் திருத்தக் கோருதல்

அனுப்புநர்:
‘ஒலிபெருக்கி’
(அடையாள அட்டையில் உள்ள பெயர் நகலில் இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது),
மட்டி பொறுக்கும் பெண்கள் பதினான்கு பேர் சார்பாக,
படகுத்துறைப் பின்தெரு.

பெறுநர்:
உயர்திரு அதிகாரி அவர்கள்,
தேசியக் கடல் கணக்குப் பிரிவு,
துறைமுக அலுவலகம், இரண்டாம் மாடி.

பொருள்: பகுதி ஏழில் உள்ள கடல் ‘காலி’ என்று பதிவானதை நீக்கி, நீர் வற்றிய நேரத்தில் மறுபடி கணக்கெடுக்கவும், அதுவரை அங்கே சேறு கொட்டாமல் இருக்கவும் வேண்டுதல்.

மதிப்பும் கொஞ்சம் பயமும் கலந்த வணக்கம் ஐயா,

புகார் மனுவில் யார் மேல் புகார் என்பதை முதலில் எழுத வேண்டுமாம். என் மேல்தான் ஐயா. கீழே சொல்லப்போகும் தவறு முழுவதும் என் வாயிலிருந்து வந்தது. எனக்குப் படிப்பு நான்காம் வகுப்பு வரை. பேச்சு அதற்கு மேலே ரொம்ப தூரம் போய்விட்டது.

சென்ற மாதம் தங்கள் அலுவலகத்திலிருந்து கணக்கெடுக்கும் தம்பி ஒருவர் வந்தார். நல்ல பிள்ளை, புதுச் செருப்பு. நம் கடலில் என்னென்ன இருக்கிறது, அதை வைத்து யார் யார் பிழைக்கிறார்கள் என்று நாடு முழுவதும் எழுதுகிறோம், அதைப் பார்த்துத்தான் இனி எந்த இடத்தில் என்ன கட்டலாம், எதை அப்படியே விடலாம் என்று முடிவு செய்வார்கள் என்று விளக்கினார். எங்களுக்குச் சந்தோஷம். இத்தனை காலம் கடலை யாரும் விசாரித்ததே இல்லை. ஆனால் அவர் வந்தது காலை பதினோரு மணிக்கு. நீர் முழுக்க ஏறியிருந்தது. படகுத்துறையில் நின்று பார்த்தால் தண்ணீர் மட்டும்தான் தெரியும்.

நான் கவிழ்த்துப் போட்ட வாளி மேல் உட்கார்ந்து மட்டிச் சிப்பி உடைத்துக்கொண்டிருந்தேன். “அந்தப் பக்கம் என்ன இருக்குக்கா?” என்றார். “சும்மாதான் கிடக்கு தம்பி” என்றேன். “யாராவது அங்க போவாங்களா?” “நாங்கதான் தினமும் சும்மா போயிட்டு வருவோம்.” “நீங்க என்ன வேலை செய்றீங்க?” கையில் கத்தி, மடி நிறைய ஓடு, முழங்கால் வரை சேறு. இதைப் பார்த்த பிறகும் கேட்கிறாரே என்று எனக்குக் குறும்பு வந்துவிட்டது. “சும்மாதான் இருக்கேன். பாத்தா தெரியல?” என்றேன். என் நாத்தனார் சிரித்ததில் அவருடைய ஓட்டுக்கூடை சரிந்தது. தம்பி சிரிக்கவில்லை. கையிலிருந்த கம்ப்யூட்டர் பலகையில் அதைத் தட்டிப் பதிந்துகொண்டார்.

போன வாரம் துறைமுக அறிவிப்புப் பலகையில் வரைவுப் பட்டியல் ஒட்டினார்கள். ‘பகுதி ஏழு: வெற்று மணல். பயன்பாடு: இல்லை. சார்ந்து வாழ்வோர்: இல்லை.’ அதற்குக் கீழே, துறைமுகத்தை ஆழமாக்கும்போது தோண்டும் சேற்றை அங்கே கொட்டலாம் என்றும், இருபத்திரண்டாம் தேதிக் கூட்டத்தில் முடிவாகும் என்றும் இருந்தது. என் கணவர் படகு எஞ்சின் பழுது பார்ப்பவர். அவர்தான் எனக்குப் படித்துக் காட்டினார். காட்டிவிட்டு, “வாயாலேயே ஒரு கடலைக் காலி பண்ணிட்டியேடி” என்றார். இருபத்தேழு வருடக் குடித்தனத்தில் அவர் சொல்லி நான் ஒத்துக்கொண்டது அது ஒன்றுதான்.

ஐயா, ‘சும்மா’ என்பது நாங்கள் வேலை ஓயாதபோது சொல்லும் சொல். விடியுமுன் எழுந்து வீட்டு வேலை முடித்து, கடலுக்குப் போய் வந்து, துணி துவைக்கும்போது யாராவது என்ன செய்கிறாய் என்று கேட்டால் சும்மாதான் இருக்கிறேன் என்போம். தங்கள் வீட்டிலும் கேட்டுப் பார்க்கலாம். அதை ‘இல்லை’ என்று எழுதியதில் அந்தத் தம்பி மேல் குற்றமில்லை. அவர் மேல் நடவடிக்கை வேண்டாம். ஒரு தடவை செருப்பைக் கழற்றிவிட்டு எங்களோடு இறங்கினால் போதும்.

கணக்கு தவறு என்று சொல்பவர் சரியான கணக்கைக் காட்ட வேண்டும் அல்லவா? ஞாயிற்றுக்கிழமை நீர் வற்றியதும் பதினான்கு பேரும் இறங்கினோம். நாத்தனாரின் துணிக்கொடியை அவிழ்த்து, பக்கத்துக்கு நான்கு எட்டு வைத்துச் சதுரம் கட்டினோம். எங்கள் வேலையில் கண் அவ்வளவாக உதவாது. கடலடியில் முளைக்கும் புல்லுக்குள் பாதத்தை மெல்ல நகர்த்தினால் மட்டி எது, கல் எது, நண்டு எது என்று கால் சொல்லிவிடும். அந்த ஒரு சதுரத்தில் மட்டி இருநூற்றுப் பன்னிரண்டு. நண்டு எட்டு (ஒரே நண்டு இரண்டு பேரைக் கடித்ததால் முதலில் ஒன்பது என்று எழுதி, பிறகு திருத்தினோம்). கறுப்புத் திராட்சை போலப் புல்லில் ஒட்டிய கணவாய் முட்டை மூன்று கொத்து. கடல்குதிரை ஒன்று. மீன் குஞ்சுகள் ஓர் இடத்தில் நிற்க மறுத்ததால் ‘ஏராளம்’ என்று எழுதியிருக்கிறோம். இதில் மட்டி மட்டும்தான் எங்கள் கூடைக்கு. அதிலும் கால் பெருவிரல் நகத்தைவிடச் சின்னதைத் தொடுவதில்லை. யாருடைய நகம் என்று ஒரு காலத்தில் பெரிய சண்டை நடந்தது. இப்போது நாத்தனாருடையதுதான் அளவு. எங்களில் பெரிய பாதம் அவருக்கு. ஆழத்தில் பிடித்துத் துறையில் இறக்கும் மீனுக்குத் தராசு வைத்துக் கணக்கு எழுதுகிறீர்கள். அதில் பாதி குஞ்சாக இருந்தபோது ஒளிந்து வளர்ந்தது இந்தப் புல்லில்தான். அதற்கும் பட்டியலில் ஒரு வரி வேண்டாமா? பலகையில் ஒட்டிய நோட்டீஸில் கடல் வருமானத்தை ‘நீலப் பொருளாதாரம்’ என்று போட்டிருந்தது. எங்கள் பக்கம் புல்லினால் கடல் பச்சையாக இருக்கிறது. அதனால் விட்டுவிட்டீர்களோ என்றும் நாத்தனார் கேட்கச் சொன்னார்.

சிரித்துக்கொண்டே எழுதினாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆறு வருடத்துக்கு முன் ஐஸ் கட்டி ஆலைக்கு எதிரே இதே போலச் சேறு கொட்டினார்கள். புல் மூச்சு முட்டிச் செத்தது. இன்றும் அங்கே இறங்கினால் கால் புதைகிறது. காலுக்கு எதுவும் தட்டுப்படுவதில்லை. தங்கள் பட்டியலில் ‘வெற்று’ என்ற சொல் அந்த இடத்துக்குத்தான் பொருந்தும். எங்களுக்கு மிச்சம் இருப்பது பகுதி ஏழு ஒன்றுதான்.

ஆகையால் இருபத்திரண்டாம் தேதிக்கு முன் ஒரு நாள், நீர் வற்றும் நேரம் கேட்டு, தாங்களோ அந்தத் தம்பியோ நேரில் வந்து எண்ண வேண்டும். நேரம் நாங்கள் சொல்கிறோம். கடல் அதை மாற்றாது. எண்ணி முடியும் வரை சேற்றுப் படகை அந்தப் பக்கம் விட வேண்டாம். பட்டியலில் ‘இல்லை’ என்ற இடத்தில் புல், மட்டி, முட்டை, பதினான்கு பெண்கள் என்று எழுதித் தர வேண்டும். அன்றைக்கு நான் வாயைத் திறக்க மாட்டேன் என்று மற்ற பதின்மூன்று பேரும் உறுதி அளித்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
தங்கள் பட்டியலின்படி இல்லாத பதினான்கு பேரில் ஒருத்தி,
(ஒப்பம்) ஒலிபெருக்கி

இடம்: படகுத்துறைப் பின்தெரு
நாள்: ஒன்பதாம் தேதி, நீர் ஏறிய பிறகு

இணைப்புகள்: அட்டை நகல். பதினான்கு பேர் கையெழுத்து (மூன்று கைரேகை உட்பட). எண்ணிய தாள், சற்று ஈரம். மூடி போட்ட வாளியில் பகுதி ஏழின் புல் ஒரு பிடி, அதோடு வந்த நண்டு ஒன்று.

பின்குறிப்பு (தங்கள் அலுவலகத்தில் நின்று எழுதுவது): இணைப்பு ஒவ்வொன்றிலும் முத்திரை விழ வேண்டும் என்று தபால் எழுத்தர் சொன்னதால் வாளியின் மூடி திறக்கப்பட்டது. நண்டு மேசைக்கு ஏறியது. முத்திரை அதன் முதுகில் விழுந்தது. காயமில்லை. ‘பெறப்பட்டது’ என்பதும் இன்றைய தேதியும் தெளிவாகப் பதிந்துள்ளன. நண்டு தற்போது நீல நிற பீரோவுக்கு அடியில் உள்ளது. எழுத்தர் நாற்காலி மேல் உள்ளார்.