ரத்னோவின் கையை உடைத்தவர் யார் என்பது பற்றி

அனுப்புநர்
மேகி கோலி, எலும்பு கட்டுகிறவள்,
காரிவாவ் கிராமம், கரூஞ்சர் மலையடி,
தார் பாலைவனம்.

பெறுநர்
மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அவர்கள்.

பொருள்: என் கொழுந்தன் வாகோவை விடுவித்து என்னைக் கைது செய்யக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இம்மாதம் நான்காம் தேதி காலை, பிசின் ஒப்பந்தக்காரரின் ஆள் ரத்னோவின் வலது கையை உடைத்தது நான். வாகோ அப்போது இரண்டு மைல் தள்ளி ஒட்டகங்களுக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தான்.

2. பிசினுக்காகக் குக்குலுப் புதரில் நாங்கள் கிளைக்கு ஒரு கீறல்தான் போடுவோம். முறிந்த எலும்புக்குப் பற்று, பிள்ளை பெற்ற வீட்டுக்குப் புகை, ஒட்டகப் புண்ணுக்கு மருந்து எல்லாம் அந்தப் பிசின்தான். ரத்னோ தண்டையே கொத்தி, வெட்டில் ஏதோ பசையைத் தடவுகிறான். பிசின் ஒரேயடியாகக் கொட்டும். அடுத்த மழைக்குள் புதர் பட்டுப்போகும். எங்கள் சரிவில் மட்டும் நாற்பது புதர்கள் செத்துவிட்டன.

3. தடுக்கப் போன என்னை முடியைப் பிடித்து இழுத்துப் பாறையில் மோதினான். நெற்றி பிளந்தது. "இன்னொரு வார்த்த பேசுன, ஒன் தோலக் கீறி இதத் தடவிருவேன்" என்றான். அவன் கோடரியைப் பிடுங்கி, அதன் பின்புறத்தால் ஒரே அடி அடித்தேன். ஆத்திரத்தில்தான் அடித்தேன், ஆனாலும் இடம் பார்த்து அடித்தேன். முப்பது வருடமாக எலும்பு கட்டுகிறேன், எங்கே முறிந்தால் கூடும் என்று எனக்குத் தெரியும். அவன் உருண்டு அலறும்போதே அவன் சட்டியிலிருந்த பிசினைக் குழைத்துப் பூசி, குச்சி வைத்து, என் முக்காட்டைக் கிழித்துக் கட்டியும் விட்டேன்.

4. பெண்ணிடம் அடிபட்டதைச் சொல்ல அவனுக்கு வெட்கம். வாகோவின் பெயரைச் சொல்லிவிட்டான். நான் காவல் நிலையத்தில் உண்மையைச் சொன்னபோது ஏட்டையா சிரித்தார். "பொம்பள அடிச்சு ஆம்பள கை ஒடியுமா? போம்மா, போய் ரொட்டி சுடு" என்றார். உள்ளே வாகோ கதறுவது கேட்டது.

5. நேற்று ரொட்டி கொடுக்கப் போனபோது கம்பி வழியாக அவனைத் தொட்டுப் பார்த்தேன். விலா எலும்பு இரண்டு முறிந்திருக்கிறது, அது கூடிவிடும். இடது முழங்கால் சில்லை நொறுக்கிவிட்டார்கள். அதைச் சேர்க்க என்னால் ஆகாது. வலது கால் நேற்று மாலை வரை நன்றாக இருந்தது.

ஆகவே, அந்தக் காலும் போவதற்குள் வாகோவை வெளியே விட்டு, அவன் இடத்தில் என்னை அடைக்க உத்தரவிடுமாறு கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். அடித்தது நான்தானா என்ற சந்தேகம் அதன் பிறகும் தீராவிட்டால், ஏட்டையாவை ஒரு கையை நீட்டச் சொல்லுங்கள். கூடுகிற இடத்திலேயே அடித்துக் காட்டுகிறேன்.

இடம்: காரிவாவ்
நாள்: 11.03.2014

இப்படிக்கு,
மேகி கோலி
(இடது பெருவிரல் ரேகை)