அப்பா போல்ட் போட்டு அடைத்த ஓட்டை

நாகமலை புதுக்கோட்டை,
வியாழக்கிழமை சாயங்காலம்

அன்பு மகன் விக்ரமுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் சுகம், நம் பிளாஸ்டிக் குருணை மிஷினுக்கு மட்டும் ஐப்பசி பிறந்ததிலிருந்து சளி, இப்போது பரவாயில்லை. ராஜ்கோட்டில் நீயும் சுகமாக இருப்பாய், போன வாரம் அனுப்பிய போட்டோவில் தாடிக்குள் உன்னைத் தேடிக் கண்டுபிடிக்கத்தான் கொஞ்ச நேரம் ஆனது. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் சொன்னால் அங்கே நீ சிரிப்பாய், இங்கே உன் அப்பா சிரிப்பார், ஒரே நேரத்தில் இரண்டு பேர் சிரிக்க நான் இடம் கொடுக்க மாட்டேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுத்து, பார்த்துப் படித்துக்கொள். விஷயம் இதுதான். பத்து நாளைக்கு முன்னால் ஒரு கிண்ணம் பணியாரத்தோடு பக்கத்து ஷெட்டுக்குப் போனேன், மைதீன் பீவி அக்காவுக்குக் கொடுக்க என்று பேர். அவர் டீ போட உள்ளே போனதும், அவர்கள் உருக்குவதற்காக அரைத்து வைத்திருந்த பழைய பிளாஸ்டிக் கவர் மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டேன், ஈரம் எம்புட்டு இருக்கிறது என்று பார்க்க. திரும்பினால் அக்கா டீயோடு நிற்கிறார். மோதிரம் விழுந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். அந்த நல்ல மனுஷி மூட்டையைக் கவிழ்த்து, அரை மணி நேரம் என்னோடு உட்கார்ந்து தேடினார். நான் மோதிரமே போடுவதில்லை என்பது அவருக்கு இருபது வருஷமாகத் தெரியும், ஆனால் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு சண்டையாவது போட்டுவிட்டு வந்திருப்பேன்.

ஈரம் நம் மூட்டையில் இருக்கிற அதே ஈரம்தான் ராசா, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அதே மழை, அதே கழுவின கவர். நான் தார்ப்பாயில் விரித்து, வெயில் எட்டிப்பார்க்கும்போதெல்லாம் ஓடிப்போய்ப் புரட்டி, தூறல் விழுந்தால் அள்ளிக்கொண்டு ஓடிவந்து, இடுப்பு விட்டுப் போனது. அப்படியும் மடிப்புக்குள் தண்ணீர் இருந்துவிடுகிறது. மிஷினுக்குள் போய்ச் சூடானதும் அது ஆவியாகி, வெளியே வருகிற பிளாஸ்டிக் கம்பி முழுக்க அம்மை போட்ட மாதிரி கொப்புளம், ஆறவைக்கிற தண்ணீர்த் தொட்டிக்குப் போவதற்குள் நாலு தடவை அறுகிறது. வெட்டின குருணையைப் பிளந்து பார்த்தால் உள்ளே ஓட்டை. திருப்பரங்குன்றத்தில் குடம் செய்கிற அழகுபாண்டி இருக்கிறாரே, ஆறு வருஷமாக நம்மிடம் மட்டும் குருணை வாங்குகிறவர், அவரே வந்து, "அக்கா, ஒங்க சரக்குல குடம் போட்டா பூவாளியாத்தேன் வருது, செடிக்குத் தண்ணி ஊத்த நல்லா இருக்கு"ன்னு சொல்லிவிட்டுப் போனார். வியாழக்கிழமை, அதாவது இன்றைக்கு, வந்து ஒரு தடவை பார்ப்பேன், அப்போதும் கொப்புளம் இருந்தால் இனிமேல் பக்கத்து ஷெட்டில் வாங்கிக்கொள்வேன் என்று சொல்லியிருந்தார். அவர் போய்விட்டால் நமக்கு வேறு யார் இருக்கிறார்கள், ஷெட்டைப் பூட்டிவிட்டு நானும் உன் அப்பாவும் எதிரும் புதிருமாக உட்கார வேண்டியதுதான் என்று இருந்தேன்.

பக்கத்து ஷெட்டில் என்ன நடக்கிறது என்றால், அக்கா வீட்டுக்காரர் சேக் இஸ்மாயில் அண்ணன் வாங்கின புது மிஷின் நடுவயிற்றில் ஓட்டை போட்டு, பம்பு வைத்து ஆவியை உறிஞ்சித் துப்புகிறது. கம்பி பட்டு நூல் மாதிரி வருகிறது. அந்த மிஷின் எங்கிருந்து வந்தது? நீ வேலை பார்க்கிற கம்பெனியிலிருந்து. நான் பெற்ற பிள்ளை முறுக்கின நட்டு அடுத்த வீட்டுக்கு உழைக்கிறது. அதுகூடப் போகட்டும், அண்ணனோடு நீ போனில் அரை மணி நேரம் பேசுகிறாயாமே, அம்மாவிடம் சாப்டியா என்று ஒரு கேள்வி, அதோடு சார்ஜ் தீர்ந்துவிடுகிறது. உன் போனுக்கும் ஆள் பார்க்கத் தெரிகிறது.

மோதிரம் தேடின அன்றைக்குத்தான் மைதீன் பீவி அக்கா சொன்னார், "ஒங்க மிஷின்லயும் அதே ஓட்டை இருக்காம்ல நாகஜோதி, ஒம் மகன்தேன் சொன்னான், அவுக அப்பா போல்ட்டு போட்டு அடைச்சுட்டாகளாம்"னு. எனக்கு எப்படி இருந்திருக்கும்! என் வீட்டு மிஷினின் வயிற்றை அடுத்த வீட்டுக்காரி சொல்லி நான் தெரிந்துகொள்கிறேன். வந்ததும் உன் அப்பாவைக் கேட்டேன். "ஆமா, அது வழியா பிளாஸ்டிக்கு பொங்கிப் பொங்கி வந்துச்சு, அடைச்சேன்"னு சொல்லிவிட்டு பீடி தேடப் போய்விட்டார். பால் பொங்கினால் அடுப்பைக் குறைப்பார்கள், உன் அப்பா சட்டியை அடைத்துவிட்டு ஒன்பது வருஷம் நிம்மதியாக இருந்திருக்கிறார். வெட்கத்தை விட்டுத் திரும்பவும் அக்காவிடமே போனேன், இந்தத் தடவை பணியாரம் இல்லாமல். முன்பக்கச் சல்லடை வலையில் மண்ணும் அழுக்கும் அடைத்துக்கொண்டால் பிளாஸ்டிக்குக்கு முன்னால் போக வழி இல்லாமல் ஓட்டை வழியாக ஏறி வருமாம், அதனால் இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை வலையை மாற்றிவிட வேண்டுமாம். நீதான் சொல்லிக்கொடுத்தாயாம், பாடம் மாதிரி ஒப்பித்தார், எனக்கு வயிறு எரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மிஷினைச் சூடேற்றி, ஸ்பானரில் ஒரு நீளப் பைப்பைச் செருகி, நானும் உன் அப்பாவும் தொங்கியதில் போல்ட் கழன்றது. மிஷினை ஓட்டினோம், புஸ்ஸென்று ஆவி வந்தது பார், ஒன்பது வருஷப் பெருமூச்சு. ஷெட் முழுக்க ஈரத்துணி வாடை. பம்பு இல்லை, அதனால் அண்ணன் வீட்டுக் கம்பி அளவுக்கு வழவழப்பு இல்லை, ஒத்துக்கொள்கிறேன், ஆனால் கொப்புளம் போய்விட்டது. இன்று மத்தியானம் அழகுபாண்டி வந்து நாலு குருணையைக் கடித்தார், பிளேடால் பிளந்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், திங்கட்கிழமை வண்டி அனுப்புகிறேன் என்று வாயால் சொல்லிவிட்டார். உன் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு புகை என்றார்.

நேரத்துக்குச் சாப்பிடு, அந்த ஊர்ப் பருப்பில் சீனி போடுகிறார்கள் என்று ஓட்டலை மாற்றிக்கொண்டே திரியாதே. தாடியை எடு. பாண்டி முனி உனக்குத் துணை இருப்பார், நோய் நொடி இல்லாமல் நன்றாக இரு. இனிமேல் மிஷினைப் பற்றி எது சொன்னாலும் முதலில் எனக்குச் சொல், எனக்குச் சொல்லி முடித்து ஒரு நாள் கழித்து மற்றவர்களுக்குச் சொல்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்,
நாகஜோதி

மடித்த கடிதத்தைப் பிரித்து எழுதுகிறேன். நம் மிஷினுக்கு மேல் பாண்டி முனி படம் இருப்பதால் அழகுபாண்டி எப்போதும் செருப்பைக் கழற்றி மிஷினுக்குக் கீழே விட்டுவிட்டுத்தான் பக்கத்தில் வருவார். இன்றும் விட்டார். அவர் திங்கட்கிழமை வண்டி என்று சொன்னதும் நான் மைதீன் பீவி அக்காவைக் கூட்டிவந்து நம் ஆவியைக் காட்டலாம் என்று போனேன், பேச்சில் வலை மாற்ற வேண்டிய இருபது நிமிஷம் முப்பத்தைந்து நிமிஷம் ஆகிவிட்டது. உன் அப்பா அவருக்கு டீ வாங்கப் போயிருந்தார். பச்சைப் பிளாஸ்டிக் ஓட்டை வழியாக ஏறி, வழிந்து, இரண்டு செருப்பின் மேலும் இறங்கி ஆறிவிட்டது. உளி வைத்துத் தட்டியதில் ஒரு வார் மட்டும் வந்தது. அழகுபாண்டி, சேக் இஸ்மாயில் அண்ணன் கொடுத்த செருப்பைப் போட்டுக்கொண்டு திருப்பரங்குன்றம் போனார். அளவு சரியாக இருந்ததாம்.