பாரிஸ் சட்டத்தில் நமக்கு இடம் உண்டா, அப்பா?

நமஸ்காரத்தை முடிக்கவிடாமல் "விஷயத்தைச் சொல்லு" என்று கேட்கும் என் அருமை அப்பாவுக்கு,

விஷயம் இதுதான். பாரிஸில் பேச்சு முடிந்துவிட்டது. ஓர் இனத்தை வேரோடு அழிக்க நினைப்பது உலகத்துக்கே எதிரான குற்றம் என்று நாடுகளெல்லாம் கூடி ஒப்புக்கொண்டுவிட்டன. போன மழைக்காலத்தை மட்டும் நீங்கள் தாண்டியிருந்தால் இதைக் காதாலேயே கேட்டிருப்பீர்கள். ஆனால் கேட்டுச் சந்தோஷப்பட்டிருப்பீர்களா? அதுதான் எனக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து அடுப்பில் பாலை வைத்துவிட்டு ஜன்னலுக்குப் போய் நின்றுவிடுகிறேன். பால் பொங்கி வழிகிறது.

இது பத்திரிகையில் வரும், மற்றவர்களும் படிக்கப்போகிறார்கள். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்கிறேன். நீங்கள் மலாயாவில் ரப்பர் தோட்டத்துக் கணக்கர். ஜப்பான்காரன் வந்த பிறகு, சயாமில் ரயில் பாதை போட வேண்டுமென்று தோட்டத்து ஜனங்களை லாரியில் ஏற்றினான். உங்களையும் தம்பி ராமுவையும் சேர்த்துத்தான் ஏற்றினான். சண்டை முடிந்து இங்கே மாதுங்காவில் என் வீட்டு வாசலில் வந்து நின்றது நீங்கள் மட்டும். ராமு எங்கே என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. நீங்களாகவே சொன்னீர்கள், காட்டில் காலரா வந்தது என்று.

பிறகு ஒரு நாள், சண்டை முடிந்ததும் பாங்காக்கில் நடந்ததைச் சொன்னீர்கள். விசாரணைக்கு வந்த ஒரு வெள்ளைக்கார ராணுவ அதிகாரி, வெள்ளைக்காரக் கைதிகளை எப்படி நடத்தினார்கள் என்று கேட்டு, நீங்கள் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டாராம். நம் ஜனங்களைப் பற்றி நீங்கள் ஆரம்பித்ததும் பேனாவை மூடிவிட்டாராம். "அவன் கெட்டவன் இல்லை, காமு. அவனுக்குக் கொடுத்த வேலை அவ்வளவுதான்" என்றீர்கள். அதற்குப் பிறகுதான், உங்கள் மாப்பிள்ளை பத்திரிகை ஆபீஸிலிருந்து திரும்பும்போதெல்லாம், சட்டையைக் கழற்றும் முன்பே, "நாடுகள் என்ன பேசறது?" என்று கேட்க ஆரம்பித்தீர்கள்.

நீங்கள் போன பிறகு அந்தக் கேள்வி எனக்கு வந்துவிட்டது. அவரும் அலுக்காமல் சொல்வார். எந்தக் கூட்டத்தாரைச் சட்டத்தில் சேர்ப்பது, யாரை விடுவது என்று ஒவ்வொரு வார்த்தைக்கும் சண்டையாம். அரசியல் கட்சிக்காரர்களைச் சேர்த்தார்களாம், பிறகு எடுத்துவிட்டார்களாம். பாஷையை அழிப்பதும் குற்றமா என்று பேசினார்களாம், அதையும் விட்டுவிட்டார்களாம். சந்தையில் பேரம் நடக்கிற மாதிரி இருக்கிறதே என்றேன். "பேரம் பேசாமல் இத்தனை பேரை ஒரு மேஜையில் உட்கார வைக்க முடியுமா?" என்றார்.

அந்தப் பாரிஸ் கூட்டத்துக்கு யோசனை சொல்லப் போயிருந்த வக்கீல் ஒருவர் நம் பேட்டைக்காரர். அவர் திரும்பி வந்ததும் இங்கே சபாவில் பேச ஏற்பாடு செய்தார்கள். நான் தாராவிக்குப் போய் சுலைமானைக் கூட்டிவந்தேன். தோட்டத்துப் பக்கத்தில் மளிகைக்கடை வைத்திருந்த அதே சுலைமான்தான். உங்களோடு அதே லாரியில் ஏறியவர், ராமுவின் கடைசி நாளில் பக்கத்தில் இருந்தவர். இப்போது தோல் கிடங்கில் வேலை. சபாவுக்குள் வரத் தயங்கினார். துணியில் தோல் வாடை அடிக்கும் என்றார். என் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார வைத்தேன்.

வக்கீல் நன்றாகப் பேசினார். கைதட்டினார்கள். கேள்வி உண்டா என்றதும் எழுந்துவிட்டேன். சயாமில் ரயில் பாதை போட்டுச் செத்த தமிழர்கள் இந்தச் சட்டத்தில் வருவார்களா என்று கேட்டேன்.

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "வரமாட்டாம்மா. ஒரு ஜாதி ஜனத்தையே இல்லாம பண்ணணும்கற எண்ணம் இருந்தாத்தான் இது. அங்கே அவனுக்கு வேலை நடக்கணும்கறதுதான் எண்ணம்."

சுலைமான் உட்கார்ந்தபடியே கேட்டார். "அய்யா, காலரா வந்தவனைக் கம்பால அடிச்சு வேலைக்கு எழுப்புனான். எந்திரிக்க முடியாதவனைக் குடிசையோட கொளுத்துனான். ஒருத்தன் செத்தா இன்னொரு லாரி வந்துச்சு. எங்களை ஒழிக்கணும்னு அவன் நெனைக்கல, நெசந்தான். நாங்க இருக்கணும்னும் நெனைக்கலியே. அதுக்கு என்ன பேரு வச்சிருக்கிய?"

வக்கீல் கண்ணாடியை மேஜைமேல் வைத்தார். "அந்த அறையில இதை யாரும் கேக்கலை. நானும் கேக்கலை" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை எங்களை வீட்டுக்கு வரச்சொன்னார். சுலைமான் பேசப் பேச முழுதும் கேட்டார், நடுவில் ஒரு முறை எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். யுத்தக் குற்றம் என்று வேறு சட்டம் இருக்கிறதாம், அதில் வரலாமாம். ஆனால் நாமாக வழக்குப் போட முடியாது, சர்க்கார் கேட்க வேண்டும். ஜப்பானோடு சமாதான ஒப்பந்தம் இன்னும் ஆகவில்லை. அந்தப் பேச்சில் இந்தியா நமக்காக ஒரு வார்த்தை சொல்லலாம். சொல்ல வைக்க வேண்டும். டில்லியில் வெளிநாட்டு இலாகா அதிகாரி ஒருவரைப் பார்க்க அவரே ஏற்பாடு செய்துவிட்டார்.

உங்கள் மாப்பிள்ளைக்கு நம்பிக்கை இல்லை. புதிய சர்க்காருக்கு ஆசிய நாடுகளின் சிநேகம் வேண்டும், பழையதைக் கிளற மாட்டார்கள் என்கிறார். பிரிவினையில் ஓடிவந்து செம்பூர் முகாமில் இருக்கும் சிந்திக்காரர்களின் துக்கத்தையே கேட்க ஆளில்லை, உன் துக்கத்தை யார் கேட்பார்கள் என்றும் சொன்னார். கோபம்தான் வந்தது. ஆனால் அவர் சொன்னது தப்பா, அப்பா? எத்தனையோ துக்கம் வரிசையில் நிற்கும்போது நம்முடையதை முன்னால் தள்ளுவது நியாயமா? தள்ளாவிட்டால் ராமுவுக்கு யார்? நீங்கள் இருந்தால் ஒரு வார்த்தையில் சொல்லிவிடுவீர்கள். எனக்கு இரண்டு பக்கமும் சரியாகவே படுகிறது. சும்மா உட்காரத்தான் முடியவில்லை.

கடைசியில் டிக்கெட் வாங்கி வந்தவர் அவர்தான். சுலைமானுக்கும் சேர்த்து. ஒன்றும் சொல்லாமல் ஷெல்ஃபில் வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

நாளைக் காலை கிளம்புகிறோம். அதிகாரி எவ்வளவு நேரம் தருவாரோ தெரியாது. அவருக்குத் தமிழ் தெரியாது. சுலைமான் சொல்வதை நான் சொல்ல வேண்டும், ஒரு சொல்லையும் மெதுவாக்காமல். "குடிசையோட கொளுத்துனான்" என்பதை நேற்றெல்லாம் இங்கிலீஷில் சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் குரல் போய்விடுகிறது. நாளை மறுநாள் அதிகாரி முன்னால் போகாது. போனாலும் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி அதே இடத்திலிருந்து சொல்லுவேன், அப்பா. இது சத்தியம்.

ராமுவின் அக்கா,
உங்கள் மகள் காமு